அகராதியை மூடுங்கள், ஆங்கிலம் வந்துவிடும்

பள்ளியில் பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படித்து, ரென் அண்ட் மார்ட்டினைக் கரைத்துக் குடித்து, ஆக்டிவ் வாய்ஸைப் பாசிவ் வாய்ஸாக மாற்றத் தெரிந்தும், டவுன் பஸ்ஸில் ஏறியதும் திருதிருவென்று விழிப்பவர்களுக்காக இந்தக் கையேடு. கண்டக்டர் "ஹோல்டான்!" என்றதும் நீங்கள் பிடித்துக்கொள்ளக் கம்பியைத் தேடினீர்கள், பஸ் நின்றது. "ரைட்!" என்றதும் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தீர்கள், பஸ் நேரே போனது.

குறை உங்கள் மேல் இல்லை. உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இங்கிலாந்தில் பேசும் ஆங்கிலம். செங்கல்பட்டிலிருந்து செங்கோட்டை வரை புழங்குவது வேறு சரக்கு. இதற்கு ஐயாயிரம் சொல் வேண்டாம், ஒரு நூறு போதும். எதை, யாரிடம், எந்த நேரத்தில் எடுத்துவிடுவது என்பதுதான் வித்தை. சூத்திரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தமிழில் சொன்னால் நாம் பொறுப்பேற்க வேண்டிவரும் இடத்தில் ஆங்கிலத்தில் சொல்லவும். இனி வருவதெல்லாம் இதற்கு உரை.

பாடம் 1: பொருள் தேடாதீர்கள்

ஹோட்டல் என்று பலகை தொங்கினால் உள்ளே போய் ரூம் கேட்காதீர்கள். இட்லி இருக்கிறதா என்று கேளுங்கள். படுக்க இடம் வேண்டுமானால் லாட்ஜ். மிலிட்டரி ஹோட்டலில் ராணுவம் இருக்காது, மட்டன் இருக்கும். மீல்ஸ் ஒருமைச் சொல். இரண்டு பேர் போனால் "ரெண்டு மீல்ஸ்".

ஹாஃப் பாயில் கேட்டால் முட்டை தண்ணீரைக் கண்ணால்கூடப் பார்க்காது. தோசைக்கல்லில் உடைத்து ஊற்றி ஒரு பக்கம் மட்டும் வெந்ததும் எடுத்தால் ஹாஃப் பாயில், திருப்பிப் போட்டு எடுத்தால் ஃபுல் பாயில். தண்ணீரிலேயே வெந்த முட்டை வேண்டுமா? "அவிச்ச முட்டை" என்று தமிழில்தான் கேட்க வேண்டும்.

கணக்கும் இதே ரகம். டாஸ்மாக்கில் ஃபுல் என்பது 750 மில்லி. ஹாஃப் 375. இதுவரை சரி. குவார்ட்டர் எவ்வளவு? நூற்று எண்பத்தேழரை என்று சொன்னவர் கணக்கில் பாஸ், உலக ஞானத்தில் ஃபெயில். குவார்ட்டர் 180தான். மிச்ச ஏழரை எங்கே போனது என்று கவுன்ட்டரில் கேட்டால் அந்த ஏழரை உங்களைப் பிடித்துக்கொள்ளும். கட்டிங் என்பது குவார்ட்டரில் பாதி. அதாவது, பங்குக்கு ஓர் ஆள் தேடுவதற்கான சொல்.

இந்த இரண்டு சொல்லையும் சேர்த்து ‘குவார்ட்டர் கட்டிங்’ என்று 2010இல் இயக்குநர்கள் புஷ்கர்–காயத்ரி தங்கள் படத்துக்குப் பெயர் வைத்தார்கள். 2006இல் வந்த சலுகைப்படி, தமிழ்ப் பெயர் வைத்த படங்களுக்கு அப்போது கேளிக்கை வரி கிடையாது. எனவே முன்னால் ‘வ’ என்ற ஒற்றை எழுத்து வந்து உட்கார்ந்தது. பழைய தமிழ்க் கணக்கில் ‘வ’ என்பது கால் பங்குக்கான குறி. சரக்கு அதே சரக்கு, லேபிள் மட்டும் சங்கத் தமிழ். இந்த நுட்பம் பிடிபட்டால் அடுத்த பாடத்துக்குப் போகலாம்.

பாடம் 2: இலக்கணம், அதாவது ‘பண்ணு’வும் ‘ஆகு’வும்

ஆங்கிலச் சொல்லை அப்படியே விடக் கூடாது. பின்னால் ஒரு தமிழ் வினையைப் பூட்ட வேண்டும். ஆரம்பநிலை மாணவர்களுக்கு ‘பண்ணு’ போதும்: ட்ரை பண்ணு, யூஸ் பண்ணு, வெயிட் பண்ணு. தேர்ந்தவர்கள் அடி, போடு, விடு, வாங்கு, கொடு எல்லாவற்றையும் பயன்படுத்துவார்கள். சீன் போட வேண்டும், பில்டப் கொடுக்க வேண்டும், லுக் விட வேண்டும், கடைசியில் பல்பு வாங்க வேண்டும். வரிசையும் பெரும்பாலும் இதுதான்.

வினையை மாற்றிப் போட்டால் விபரீதம். சைட் அடித்தால் கல்லூரி வாசல். சைட் பார்த்தால் ஊருக்கு வெளியே பொட்டல் காட்டில் மனை. சைட் கொடுத்தால் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும் லாரிக்கு வழி. ஆங்கிலேயன் இவற்றுக்கு மூன்று வெவ்வேறு சொல் வைத்து, மூன்றுக்கும் தனித்தனி ஸ்பெல்லிங் வைத்துக் கஷ்டப்படுகிறான். நாம் ஒன்றை வைத்துக்கொண்டு வினையால் பிரித்துக்கொள்கிறோம். காப்பி போட்டவருக்குப் பாராட்டு, காப்பி அடித்தவருக்கு அடி. தேர்வு ஹாலில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். சூப்பர்வைசருக்கு ஒன்று, மாணவனுக்கு இன்னொன்று.

இனி முக்கியமான விதி. ‘பண்ணு’வுக்கு ஆள் தேவை. ‘ஆகு’வுக்கு ஆள் தேவையில்லை. எனவே நல்லதற்குப் பண்ணு, கெட்டதற்கு ஆகு. உங்கள் கட்டைவிரல்தான் ஃபோனை நிறுத்தியது. ஆனால் "கட் பண்ணிட்டேன்" என்று ஒரு மனிதர் சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? "கட் ஆயிடுச்சு". பஸ் மிஸ் ஆயிடுச்சு, லேட் ஆயிடுச்சு, பேமென்ட் டிலே ஆயிடுச்சு. இவையெல்லாம் மழை வெயில் மாதிரி வானத்திலிருந்து இறங்கியவை.

தேர்வு முடிவில் இந்த இலக்கணம் உச்சத்தைத் தொடும். "பாஸ் பண்ணிட்டேன்" என்று வந்து நிற்கும் அதே பையன் அடுத்த செமஸ்டரில் "ஃபெயில் ஆக்கிட்டாங்க" என்பான். பாஸ் நாம் பண்ணுவது, ஃபெயில் அவர்கள் ஆக்குவது. விட்டுப்போன பேப்பருக்கு அரியர் என்று பெயர். அதுவும் யாரும் வைப்பதில்லை. "மேத்ஸ்ல அரியர் விழுந்துடுச்சு". மாடியிலிருந்து தொட்டி விழுந்த மாதிரி. அரசு ஊழியர் வீடுகளில் சில மாதங்களில் இந்தச் சொல்லுக்கு இரண்டு ராசி நடக்கும். அப்பா "டிஏ அரியர் வந்துடுச்சு" என்று லட்டு வாங்கி வருவார். மகனுக்கும் அரியர் வந்திருக்கும். லட்டு அப்படியே இருக்கும்.

பாடம் 3: உறவு முறை

பெண்டாட்டி என்றால் கொச்சை என்கிறார்கள். மனைவி என்றால் மேடையில் பேசுகிற மாதிரி இருக்கிறது. சம்சாரம் போன தலைமுறையோடு போனது. ஆகவே "ஒய்ஃப்". அறிமுகப்படுத்துகிறவர் காதில் விழவா வேண்டாமா என்ற குரலில் "நம்ம ஒய்ஃப்" என்பார். நம்ம என்பதில் கேட்பவருக்குப் பங்கில்லை. அது வெறும் மரியாதைப் பன்மை. பதறாதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரரை அங்கிள் என்று கூப்பிடுவதைப் பார்த்துத் தமிழ் அழிகிறது என்று சிலர் வருந்துகிறார்கள். அவர்கள் விஷயத்தின் ஆழம் தெரியாதவர்கள். தமிழில் அவரை என்னவென்று கூப்பிடுவது? பெரியப்பா என்றால் அவர் மகள் தங்கை ஆகிவிடுவாள். மாமா என்றால் அதே பெண் முறைப்பெண் ஆகிவிடுவாள். வாடகைக்குக் குடிவந்த முதல் நாளே இவ்வளவு பெரிய முடிவை எடுக்க முடியுமா? அங்கிள் என்பது முறை வைக்காத உறவு. எந்தப் பக்கமும் கதவு திறக்காது, எந்தக் கதவும் அடைபடாது.

"கசின் சிஸ்டர்" என்று எழுதினால் ஆங்கில ஆசிரியர் சிஸ்டரைச் சிவப்பு மையால் அடிப்பார். அடிக்கட்டும், நீங்கள் விடாதீர்கள். ஆங்கிலேயனுக்குச் சித்தப்பா மகளும் மாமன் மகளும் ஒன்று. நமக்கு முதலாமவள் தங்கை, இரண்டாமவள் கட்டிக்கொள்ளக் கூடியவள். வெறும் கசின் என்று விட்டால் கல்லூரி முழுக்கச் சந்தேகத்தோடு பார்க்கும். சிஸ்டர் என்று சேர்த்ததும் வழக்கு தள்ளுபடி. மனைவியின் தங்கையைக் கட்டியவருக்கு ஆங்கிலத்தில் தனிச் சொல்லே கிடையாது. சகலை என்ற உறவை அந்த ஊரில் கண்டுகொள்வதே இல்லை போலும். நாம் "கோ-பிரதர்" என்று ஒன்று செய்து வைத்திருக்கிறோம். அவர்களுக்குத் தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம்.

எச்சரிக்கை: ஆன்ட்டி. இந்தச் சொல்லை வயது பார்த்துப் பயன்படுத்தக் கூடாது, கேட்பவர் தன்னை எந்த வயதாக நினைக்கிறார் என்று பார்த்துப் பயன்படுத்த வேண்டும். தெரியவில்லையா? "அக்கா". உயிருக்கு உத்தரவாதம்.

பாடம் 4: அட்ஜஸ்ட்

ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லோடு தமிழ்நாட்டில் வாழ்ந்து முடிக்க வேண்டும் என்றால் அது இதுதான். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு முதல் ரயில் ஓடியபோது கார்டு, சிக்னல், பிளாட்ஃபாரம் என்று பல சொற்கள் நம் ஊரில் இறங்கின. ஆனால் பெட்டிக்குள் உண்மையில் ஆட்சி செய்வது அட்ஜஸ்ட்.

காட்சியைக் கவனியுங்கள். இரவு ரயில். லோயர் பெர்த் கிடைத்த இளைஞர் செருப்பைக் கழற்றி, தண்ணீர் பாட்டிலை ஜன்னலோரம் வைத்து, போர்வையை உதறிப் போடுகிறார். எதிரே நிற்கும் பெரியவர் அதுவரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போர்வை விரிந்து முடிந்த பிறகு தொடங்குகிறார்.

"தம்பி எதுவரைக்கும் போறீங்க?"

"திருநெல்வேலி சார்."

"அப்படியா! நம்ம ஊரா? சந்தோஷம். வீட்டுல அவங்களுக்கு முட்டி ஆப்பரேஷன் ஆயிருக்கு. எங்களுக்கு அப்பர் பெர்த் போட்டுட்டான். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க முடியுமா?"

இதில் கேள்விக்குறி இருக்கிறதே தவிர கேள்வி இல்லை. அந்த அம்மா ஏற்கனவே போர்வையின் ஓரத்தில் உட்கார்ந்தாயிற்று. சுற்றி உள்ள அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு இளைஞரின் முகத்தைப் பார்க்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் அவர் தண்ணீர் பாட்டிலோடு மேலே ஏறிக்கொண்டிருப்பார்.

இலக்கணக் குறிப்பு: அட்ஜஸ்ட் என்ற வினைக்கு எழுவாய் எப்போதும் முன்னிலை. கஷ்டம் இடம் கொடுத்தவருக்கு, பெருந்தன்மை இடம் கேட்டவருக்கு. "நீங்க உங்க இடத்தை விட்டுக்கொடுங்க" என்று தமிழில் கேட்டால் அது உதவி. நன்றி சொல்ல வேண்டும், கடன்படுவோம். "அட்ஜஸ்ட்" என்றால் ஏதோ நட்டு கழன்றிருந்தது, திருகிவிட்டோம் என்ற அளவில் முடிந்துவிடும். ரயில்வேயே இதை முறைப்படுத்தி ஆர்ஏசி என்று பெயர் வைத்திருக்கிறது. ஒரு சைடு லோயர் பெர்த்தில் முன்பின் தெரியாத இரண்டு பேர். யார் காலை யார் எப்போது நீட்டுவது என்பதை அவர்களே அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ள வேண்டும்.

வாடகை வீட்டுக்குப் போனால் அட்ஜஸ்ட்டின் அக்கா மகன் அட்வான்ஸைச் சந்திப்பீர்கள். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸ் கேட்பது நெடுநாள் வழக்கம். வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். சட்டத்தை எடுத்துச் சொன்னால் ஹவுஸ் ஓனர் சிரிப்பார். அவருக்குத் தெரியும், "வேறு மாதிரி ஒப்பந்தம்" அவர் மேஜை டிராயரில் இருக்கிறது. காலி செய்யும்போது இரண்டு சொற்களும் கைகோக்கும்: "பெயிண்டிங் சார்ஜை அட்வான்ஸ்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்." அட்ஜஸ்ட்டுக்குத் தன்மை எழுவாய் வரும் இடம் இது ஒன்றுதான். பணம் அவர் பக்கம் போகிறது என்பதால் விதிவிலக்கு.

பாடம் 5: அலுவலகம்

அலுவலக ஆங்கிலத்தின் அடித்தளம் லீவ் லெட்டர். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எவரும் தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பார்: "அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்." அக்கா கல்யாணம், ஆத்தா ஊர்த் திருவிழா, கிரிக்கெட் மேட்ச், எதுவானாலும் காய்ச்சல்தான். காரணம், மற்றதற்கு வாக்கியம் தெரியாது. உண்மையை எழுத ஆங்கிலம் போதவில்லை, பொய் மனப்பாடம். ஆசிரியருக்கும் இது தெரியும், அவரும் அதே லெட்டரை எழுதித்தான் ஆசிரியர் ஆனார். கீழே "யுவர்ஸ் ஒபீடியன்ட்லி" என்று போட்டுவிட்டால் கீழ்ப்படிதல் கணக்கு நேராகிவிடும்.

இதே மாணவர் வளர்ந்து வேலைக்குப் போனதும் "கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்" என்று எழுதுவார். இங்கிலாந்தில் இப்படி எழுதுவதை விட்டு வெகுகாலம் ஆகிறது. நாம் விட மாட்டோம். இன்ன வேலை என்று சொல்லாமலே வேலை வாங்க இதைவிட நல்ல வாக்கியம் இல்லை. சரியாக நடந்தால் நாம் சொன்னது நடந்தது. சொதப்பினால், நாம் இதைச் சொல்லவே இல்லை. பதில் வேண்டுமானால் "ப்ளீஸ் ரிவர்ட்". இங்கிலாந்துக்காரருக்கு இதை எழுதினால் பழைய நிலைக்கு எப்படித் திரும்புவது என்று குழம்புவார்.

ஆட்சிமொழி தமிழ் என்று நமக்கு 1956இலேயே சட்டம் வந்துவிட்டது. கோப்புகளில் நல்ல தமிழ் இருக்கிறது. கோப்பு நகராததற்கான காரணம் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும். ஜன்னலில் கேட்கக்கூடிய வாக்கியங்களும் அவற்றின் பொருளும்:

"சார் கேம்ப் போயிருக்கார்." எங்கே, எப்போது வருவார் என்று கேட்கக் கூடாது. கேம்ப் ஓர் ஊர் அல்ல, ஒரு நிலை.

"ப்ராசஸ்ல இருக்கு." உங்கள் மனு எந்த மேஜையில் இருக்கிறது என்று எங்களுக்கும் தெரியாது.

"சின்ன ஃபார்மாலிட்டி இருக்கு." ஏடிஎம் எதிர்ப்பக்கம்.

"சர்வர் டவுன்." இது பிரம்மாஸ்திரம். ஹோட்டலில் சர்வர் வராவிட்டால் குரல் கொடுக்கலாம், மேனேஜரைக் கூப்பிடலாம். இங்கே சர்வர் வராவிட்டால் கைகூப்பிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் கை விரிப்பார். பொறுப்பேற்க ஆளே இல்லாத இந்த வாக்கியத்துக்கு முன் இருவரும் சமம்.

பாடம் 6: சம்பந்தம் பேசுதல்

வரதட்சணையைத் தடை செய்து 1961இல் சட்டம் வந்தது. அதன் பிறகு வரதட்சணை என்ற சொல்லை யாரும் கேட்கவில்லை. பெண் வீட்டு ஹாலில், பஜ்ஜி தட்டு நகர்ந்த பிறகு, மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொல்வார்:

"எங்களுக்கு எக்ஸ்பெக்டேஷன்னு ஒண்ணும் கிடையாது."

புது மாணவர் இங்கே மகிழ்ந்துவிடுவார். அனுபவஸ்தர் காகிதமும் பேனாவும் எடுப்பார். அடுத்த வரி வருகிறது: "நீங்க உங்க பொண்ணுக்குச் செய்றதைச் செய்யப்போறீங்க. மூத்த மருமகளுக்கு அவங்க வீட்டுல ஸ்டாண்டர்டா ஒண்ணு செஞ்சாங்க. ஜஸ்ட் இன்ஃபர்மேஷனுக்குச் சொல்றேன்." ஒரு வரியிலும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். போலீஸே ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுத்திருந்தாலும் கேஸ் நிற்காது.

மற்ற சொற்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். "பையன் வெல் செட்டில்டு" என்றால் கடனில் ஃபிளாட் வாங்கியிருக்கிறார். "பொண்ணு ஹோம்லி" என்றால் வேலையை விடச் சொல்வார்கள். இந்தச் சொல்லை அமெரிக்காவில் உள்ள பெண்ணிடம் பாராட்டாகச் சொல்லிவிடாதீர்கள்; அங்கே அதற்கு அழகில்லாதவள் என்று பொருள். "சிம்பிளா பண்ணிடலாம்" என்றால் செலவு உங்களுடையது, ஆயிரம் பேர். "டிஸ்கஸ் பண்ணிட்டுச் சொல்றோம்" என்றால் பிடிக்கவில்லை. இதைத் தமிழில் "வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் இரண்டு குடும்பங்கள் முகம் பார்க்க முடியாமல் போயிருக்கும். ‘டிஸ்கஸ்’ அந்தச் சிரமம் வைப்பதில்லை. அது முடியவே முடியாது.

பாடம் 7: சிரிக்கக் கூடாத இடங்கள்

இந்தப் பாடத்தைச் சற்று அடங்கிய குரலில் படிக்கவும். "சர்க்கரை நோய்" என்பதில் நோய் இருக்கிறது. "சுகர்" என்றதும் அது உதிர்ந்துவிடுகிறது. "எனக்குச் சுகர் இருக்கு" என்று சொல்பவர் ஏதோ சொத்து இருப்பதைச் சொல்வது போலச் சொல்லிவிட்டு, இன்னொரு மைசூர்பாகுக்குக் கை நீட்ட முடிகிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் "சீரியஸ்" என்ற ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்பதில்லை. ஊருக்கு ஃபோன் போகிறது, வண்டி கிளம்புகிறது.

இழவு வீட்டில் "பாடி எப்ப எடுக்கிறாங்க?" என்று கேட்கிறார்கள். நேற்றுவரை அண்ணன், சித்தப்பா, வாத்தியார் என்று இருந்தவரைப் பிணம் என்று சொல்ல நாக்கு எழாது. பெண்கள் "பீரியட்ஸ்" என்கிறார்கள். தமிழில் இதற்குப் புழங்கிய சொற்களைக் கேட்டுப் பாருங்கள்: தீட்டு, தூரம், வீட்டுக்கு விலக்கு. ஒவ்வொன்றும் அந்தப் பெண்ணைத் திண்ணைக்கு அனுப்பியது. ஆங்கிலச் சொல் யாரையும் வெளியே உட்காரச் சொல்லவில்லை. பொறுப்பைத் தட்டிக் கழிக்கப் பயன்படும் அதே திரை, இங்கே பழைய பாரத்தை இறக்கி வைக்கவும் பயன்படுகிறது. கையேட்டில் இதற்குக் கிண்டல் கிடையாது.

பாடம் 8: பீட்டர், அதாவது ஓவர்டோஸ்

இத்தனை ஆங்கிலம் பேசும் ஊரில் ஒருவரை "பீட்டர் விடாதே" என்று திட்டுகிறார்களே, ஏன்? அளவு மீறியதால். சொல்லாக வந்தால் தமிழ், முழு வாக்கியமாக வந்தால் பீட்டர். "ஆக்சுவலா நான் நேத்தே கால் பண்ணேன், நெட்வொர்க் ப்ராப்ளம்" என்று டீக்கடையில் சொல்லலாம், ஒரு தலையும் திரும்பாது. அதையே வினைமுற்றோடு ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், டீ ஆற்றுகிறவர் கையை நிறுத்திவிடுவார்.

பீட்டருக்குத் தொன்மையான பரம்பரை உண்டு. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னல் என்பவரும் யூல் என்பவரும் தொகுத்த ஆங்கிலோ இந்தியச் சொற்களின் அகராதி, ஹாப்ஸன்-ஜாப்ஸன், 1886இல் வெளிவந்தது. அதில் சென்னை மாகாணத்துச் சமையற்காரர்களும் வேலையாட்களும் துரைகளிடம் பேசிய பட்லர் இங்கிலீஷுக்குத் தனிக் குறிப்பு இருக்கிறது. "ஐ டெல்லிங்" என்றால் சொல்வேன், "ஐ டன் டெல்" என்றால் சொல்லிவிட்டேன். துரைமார்கள் இதைக் கொச்சை என்று சிரித்தார்கள். தமிழ்க் காதோடு கேளுங்கள். "நாளைக்குச் சொல்றேன்" என்று நிகழ்காலத்தை வைத்து எதிர்காலத்தைச் சொல்வது யார்? ‘விட்டேன்’ என்று முடித்து வைப்பது யார்? பட்லர் தமிழ் இலக்கணத்தைத் துல்லியமாகப் பேசியிருக்கிறார். சொற்களை மட்டும் துரைக்குப் புரிவதற்காக மாற்றிப் போட்டிருக்கிறார்.

தனித்தமிழ் நண்பர் யாராவது குறுக்கிட்டால் சண்டை போடாதீர்கள். வரும்போது வீட்டைப் பூட்டினாரா, சாவி எங்கே, ஜன்னலைச் சாத்தினாரா, அலமாரி மேஜை எல்லாம் பத்திரமா என்று அன்பாக விசாரியுங்கள். சாவி, ஜன்னல், அலமாரி, மேஜை நான்கும் போர்த்துக்கீசியர் கொண்டுவந்த சொற்கள். கொடுத்ததும் உண்டு: கட்டுமரமும் சுருட்டும் கப்பலேறி ஆங்கிலமாகிவிட்டன. 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி "ஐயோ"வையும் சேர்த்துக்கொண்டது. இத்தனை நாள் அது இல்லாமல் எப்படித்தான் சமாளித்தார்களோ.

சண்டைக்கென்று தனி ஆங்கிலம் இருக்கிறது. "ஹலோ" அங்கே வணக்கம் அல்ல, சங்கு ஊதுதல். "எக்ஸ்க்யூஸ் மீ" என்றால் நகரு. "மைண்ட் யுவர் வேர்ட்ஸ்" என்றால் எனக்கு மேற்கொண்டு திட்டத் தெரியவில்லை. இந்தக் கட்டத்தில் எதிராளி நிதானமாகத் தமிழில் தொடங்கினால் ஆட்டோவில் ஏறிக் கிளம்பிவிடுவது உத்தமம். திட்டுகிறவர் தான் சொல்வதற்கெல்லாம் முழுப் பொறுப்பேற்கத் தயாராகிவிட்டார்.

பயிற்சி வினாக்கள்

1. "நான் ஆன் தி வே" என்று ஒருவர் ஃபோனில் சொல்கிறார். பின்னணியில் பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. அவர் வர எவ்வளவு நேரமாகும்? (குறிப்பு: வழி என்பது பாத்ரூமிலிருந்தும் தொடங்கலாம்.)

2. பொருள் வேறுபாடு தருக: ஃபோன் பண்ணேன், ஃபோன் போட்டேன், ஃபோன் அடிச்சேன். (விடை: வேறுபாடு இல்லை. மூன்றுக்கும் நீங்கள் எடுக்கவில்லை என்பதே பொருள்.)

3. கடையில் சில்லறை வாங்கிக்கொண்டு "நன்றி" என்று சொன்னீர்கள். கடைக்காரர் ஏன் உங்களை நிமிர்ந்து பார்த்தார்? (விடை: கூட்டம் முடிந்தது என்று நினைத்துவிட்டார். "தேங்க்ஸ்" என்றிருந்தால் கல்லாவைப் பார்த்துக்கொண்டே தலையாட்டியிருப்பார்.)

4. கீழ்க்காணும் வாக்கியத்தைத் தூய தமிழில் எழுதுக: "ஸாரி, லேட் ஆயிடுச்சு, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

நான்காம் வினாவுக்கு விடை: "நான் தாமதமாகக் கிளம்பினேன். என்னால் நீங்கள் காத்திருந்து கஷ்டப்பட்டீர்கள். தப்பு என்னுடையது, மன்னித்துவிடுங்கள்."

இந்த விடையை எழுதியவர்களுக்குப் பாதி மதிப்பெண். எழுதியதை எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் முடிந்தவர்களுக்கு மதிப்பெண்ணே கிடையாது. அவர்களுக்கு இந்த ஆங்கிலம் தேவைப்படாது. வெளியே யாராவது கேட்டால் ஃபெயில் ஆக்கிட்டாங்க என்று சொல்லிக்கொள்ளலாம்.